வண்டி ஏன் நின்றது?

காலை ஐந்தரை மணி. இன்னும் விடியவில்லை. எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டில் பால்கார அண்ணன் வண்டியை உதைக்கும் சத்தம் கேட்டது. ஒரு உதை. இரண்டு உதை. இருபது உதை. வண்டி கிளம்பவில்லை.

வண்டியின் இரண்டு பக்கமும் பால் கேன்கள் தொங்கின. ஒரு கேனில் 20 லிட்டர். மொத்தம் 40 லிட்டர் பால். அண்ணன் வீட்டுப் பால் மட்டும் இல்லை. அக்கம்பக்கம் நான்கு வீட்டுப் பாலும் அதில் இருந்தது. ஆறரை மணிக்குள் சங்கத்தில் ஊற்ற வேண்டும். நேரம் தப்பினால் அன்றைய பால் வீட்டுக்குத்தான் திரும்பும்.

நான் எழுந்து போனேன்.

"என்னங்கண்ணா, ஸ்டார்ட் ஆகலீங்களா?"

"ஆகலை தம்பி. நேத்து வரும்போதே முக்கி முக்கித்தான் வந்துச்சு. மெக்கானிக் எட்டு மணிக்குத்தான் பட்டறை திறப்பாரு. அது வரைக்கும் பால் தாங்குமா?"

"நேத்து எங்கீங்க போயிட்டு வந்தீங்க?"

"மூணாறு. அக்கா வீட்டுக்கு."

அண்ணன் எங்கள் மையத்தில் படிப்பவர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. வண்டி பழைய 100 சிசி வண்டி. கார்புரேட்டர் உள்ளது. நான் மெக்கானிக் இல்லை. பத்தாவது முடித்தபின் ஒரு வருடம் பட்டறையில் கையாளாக இருந்தேன். அவ்வளவுதான். ஆனாலும் அன்று கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிட்டது. எப்படி என்று சொல்கிறேன்.

மூன்று கேள்விகள்

அடுப்பு எரிய என்ன வேண்டும்? விறகு வேண்டும். காற்று வேண்டும். நெருப்பு வேண்டும். மூன்றில் ஒன்று இல்லை என்றால் அடுப்பு எரியாது. வண்டி இஞ்சினும் ஓர் அடுப்புதான். விறகுக்குப் பதில் பெட்ரோல். தீக்குச்சிக்குப் பதில் பிளக்கில் வரும் பொறி. காற்று அதே காற்று.

வண்டி நின்றால் இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். பெட்ரோல் வருகிறதா? பொறி வருகிறதா? காற்று வருகிறதா? பலர் கேட்பதே இல்லை. கால் வலிக்க உதைக்கிறார்கள். பிறகு வண்டியைத் திட்டுகிறார்கள்.

முதலில் பெட்ரோல். டேங்க் மூடியைத் திறந்து வண்டியை ஆட்டிப் பார்த்தோம். உள்ளே தளும்பியது. இருட்டில் தெரியவில்லை என்று தீக்குச்சி கிழித்துப் பார்க்கக் கூடாது. இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்படிச் செய்து முகம் வெந்தவர்கள் உண்டு. டார்ச் லைட் போதும். டேங்கின் கீழே பெட்ரோல் குழாய் இருக்கிறது. அது திறந்திருந்தது. ஆகவே பெட்ரோல் குறை இல்லை.

அடுத்து பொறி. இஞ்சின் தலையில் பிளக் இருக்கிறது. அதன் மேல் ரப்பர் தொப்பி. தொப்பியை நேராக இழுத்தால் வந்துவிடும். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிறகு பிளக் ஸ்பேனரால் இடது பக்கம் திருப்பிக் கழற்ற வேண்டும். இஞ்சின் சூடாக இருக்கும்போது கழற்றக் கூடாது. கையும் சுடும், மரையும் கெடும்.

கழற்றிய பிளக்கை அண்ணன் கையில் கொடுத்தேன்.

"என்ன நிறமுங்க?"

"கரிக் கட்டை மாதிரி இருக்கு. ஈரமாவும் இருக்கு."

பிளக்கின் முனை இஞ்சினுக்குள் நடப்பதைச் சொல்லிவிடும். வெந்த செங்கல் போல இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. எண்ணெய் பிசுக்காக இருந்தால் ஆயில் உள்ளே ஏறுகிறது. வெளுத்து, சுண்ணாம்பு போல இருந்தால் பெட்ரோல் போதவில்லை, இஞ்சின் அதிகமாகக் காய்கிறது. கடைசி இரண்டையும் பார்த்தால் பட்டறைக்குப் போய்விடுங்கள். முதல் இரண்டும் நாமே பார்த்துக்கொள்ளக் கூடியவை.

அண்ணன் வண்டியில் கரி. அதன்மேல் பெட்ரோல் ஈரம். கம்பி பிரஷ்ஷால் கரியைத் தேய்த்தோம். துணியால் துடைத்தோம். பிளக் முனையில் ஒரு சிறு இடைவெளி உண்டு. அதில்தான் பொறி தாண்டும். பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றுக்கு அந்த இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

பிறகு பிளக்கைத் தொப்பியில் சொருகி, அதன் இரும்பு உடம்பை இஞ்சின் மேல் சாய்த்து வைத்தோம். பிளக் இருந்த ஓட்டையிலிருந்து தள்ளித்தான் வைக்க வேண்டும். அந்த ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். பிளக்கைக் கையால் பிடிக்கவும் கூடாது. தூக்கிவாரிப் போடும். சாவியைப் போட்டு அண்ணன் ஒரு உதை உதைத்தார். "டிக்" என்று நீலப் பொறி வந்தது. பொறியும் குறை இல்லை.

மீதி இருப்பது காற்று. கார்புரேட்டர் பக்கம் டார்ச் அடித்தேன். சோக் நெம்புகோல் பாதி இழுத்தபடியே இருந்தது!

"அக்கா வீட்டுல காலைல குளிரு. சோக் இழுத்துத்தான் ஸ்டார்ட் பண்ணினேன்" என்றார் அண்ணன். திருப்பித் தள்ளி விட மறந்துவிட்டார்.

சோக் என்றால் மூச்சை அடைப்பது. அதை இழுத்தால் காற்று வழி பாதி அடைபடும். பெட்ரோல் அதிகமாகப் போகும். குளிரில் கிளம்ப அது உதவும். சூடான பிறகும் அப்படியே விட்டால் பெட்ரோல் வீணாகும். புகை வரும். பிளக்கில் கரி படியும்.

சோக்கைத் தள்ளினோம். பிளக்கை முதலில் கையாலேயே திருகினோம். இது முக்கியம். ஸ்பேனர் போட்டு எடுத்தவுடனே முறுக்கினால் மரை குறுக்கே ஏறிவிடும். இஞ்சின் தலை அலுமினியம். மரை போனால் செலவு நூறில் நிற்காது, ஆயிரத்தில் போகும். கையால் கடைசி வரை திருகிவிட்டு, பிறகு ஸ்பேனரால் கொஞ்சம் இறுக்கினால் போதும்.

மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது. பால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

காற்றும் மலையும்

அன்று மாலை அண்ணன் ஒன்று கேட்டார். "சோக்கை மறந்தது என் தப்பு. ஆனா ஒவ்வொரு தடவை மூணாறு போறப்பவும் வண்டி இழுக்க மாட்டேங்குதே, அது ஏன்?"

நல்ல கேள்வி. எங்கள் பாலக்காட்டுப் பக்கம் பூமி தாழ்வு. மூணாறு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்று லேசாகிறது. கீழே ஒரு குடம் காற்றில் 100 பங்கு இருந்தால், மூணாற்றில் அதே குடத்தில் சுமார் 85 பங்குதான் இருக்கும். கார்புரேட்டருக்கு இது தெரியாது. கீழே கொடுத்த கணக்கிலேயே பெட்ரோல் கொடுக்கும். காற்று குறைவு, பெட்ரோல் அதிகம். அதனால்தான் இழுவை குறைகிறது. பிளக்கும் கறுக்கிறது. வண்டியில் கோளாறு இல்லை. மலையில் கார்புரேட்டர் திருகை எல்லாம் திருகிவிட்டு, கீழே வந்ததும் திண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள், இரண்டு நாள் பயணத்துக்கு அதைத் தொடவே வேண்டாம். சின்ன கியரில் போனால் போதும்.

எங்கள் பக்கத்துத் தொல்லை வேறு. மேற்கு மலைத் தொடர் பாலக்காட்டில் மட்டும் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமாக விட்டுக் கிடக்கிறது. அந்தக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கும் அடி நமக்குத் தெரியும். கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளே நட்டிருக்கிறார்கள். வெயில் காலத்தில் அந்தக் காற்று மண்ணையும் தூசியையும் வாரி வரும். அதை வண்டியும் மூச்சாக இழுக்கும். தடுப்பது ஏர் ஃபில்டர். அது அடைத்தால் சோக்கை இழுத்து விட்டது போலத்தான். மீண்டும் கரி, மீண்டும் புகை.

ஃபில்டர் பஞ்சு வகையாக இருந்தால் மண்ணெண்ணெயில் கசக்காமல் அமுக்கி அலசி, நிழலில் காய வைத்து, கொஞ்சம் ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்டலாம். காகித வகையைக் கழுவக் கூடாது. உள்ளிருந்து வெளியே காற்று அடிக்கலாம். ரொம்ப அழுக்கானால் புதிது போட வேண்டும். ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் வண்டி நன்றாக இழுக்கிறது என்று சில இளைஞர்கள் கழற்றி எறிகிறார்கள். உள்ளே போகும் மண், இஞ்சினை உப்புத்தாள் போலத் தேய்க்கும். பிறகு போரிங் செலவு வரும்போது அழுவார்கள்.

இடுக்கியில் தூசி குறைவு. அங்கே மழை. ஜூன் மாதம் தொடங்கினால் செயின் துருப்பிடிக்கும், பிரேக் நனையும். ஒரே வண்டிதான். ஊருக்கு ஊர் அதன் நோய் மாறுகிறது.

இந்த எல்லைப் பக்கம் ஓடிய வண்டிகள்

எங்கள் தாத்தா காலத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் புல்லட்தான். அது இங்கிலாந்துக் கம்பெனியின் வண்டி. 1955-ல் சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் அந்தக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்று தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. பிறகு இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி மூடிப் போனது. சென்னையில் மட்டும் புல்லட் நிற்கவில்லை. மைசூரில் ஜாவா, எஸ்டி வண்டிகள் செய்தார்கள். 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. பால்காரர், மீன்காரர், துணி விற்பவர் எல்லோரும் வண்டி ஓட்ட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். 1985-ல் ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்.எக்ஸ். 100-ம் வந்தன.

பழைய புல்லட்டை எழுப்புவது ஒரு கலை. அதில் அம்மீட்டர் என்று ஒரு சிறு முள் இருக்கும். கிக்கரை மெதுவாக அமுக்கி, முள் நடுவில் வந்து நிற்கும் இடம் பார்க்க வேண்டும். பிறகு டீகம்ப்ரஸர் நெம்புகோலைப் பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, நெம்புகோலை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு உதை. பாதி உதை உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் போகும். இதை எல்லாம் யாரும் புத்தகத்தில் படிக்கவில்லை. அப்பா உதைப்பதைப் பார்த்து மகன் கற்றான். டேப்பெட் சரி பார்ப்பதும் அப்படித்தான். இஞ்சின் ஆறியிருக்கும்போது, பக்கவாட்டு மூடியைத் திறந்து, தள்ளுகோலை இரண்டு விரலால் சுழற்றிப் பார்ப்பார்கள். சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. அளவு கருவியே வேண்டாம். விரல்தான் கருவி.

இப்போது சனி, ஞாயிறு ஆனால் மூணாறு, வாகமண் சாலைகளில் கூட்டம் கூட்டமாக இளைஞர்கள் போகிறார்கள். வண்டி மேல் அவர்களுக்கு உயிர். நானும் அந்த ஜாதிதான். ஆனால் சைலன்சரை மாற்றிச் சத்தம் போடுவதை மட்டும் வண்டிப் பிரியம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வண்டி மேல் பிரியம் உள்ளவன் செயினைப் பார்ப்பான்.

சித்தப்பாவின் விரல்

செயின் பற்றிச் சொல்லும்போது என் சித்தப்பாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறை பக்கம் ஏலத் தோட்டத்தில் வேலை செய்தார். அவருக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரல் பாதியும் இல்லை.

மழைக்காலம். செயின் துருப்பிடித்திருந்தது. வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, இஞ்சினை ஓடவிட்டு, கியரைப் போட்டு, சுற்றும் செயின் மேல் துணியை வைத்துத் துடைத்தார். வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்தார். பல் சக்கரத்துக்கும் செயினுக்கும் நடுவில் துணி சிக்கியது. துணியோடு விரலும் போனது. ஒரு நொடி.

பிறகு அவரால் ஏலக்காய் எடுக்க முடியவில்லை. ஏலக்காய் எடுப்பது விரல் வேலை. காவல் வேலைக்கு மாறினார். கூலி குறைந்தது.

"படிச்சவன் நீ, நாலு பேருக்குச் சொல்லுடா" என்பார். ஆகவே சொல்கிறேன். செயினைத் தொடும்போது இஞ்சின் ஓடக் கூடாது. சாவி வண்டியில் இருக்கவே கூடாது, சட்டைப் பையில் இருக்க வேண்டும். கியரை நியூட்ரலில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, கீழ்ப்பக்கச் செயினைத் துடையுங்கள். விரல் பல் சக்கரத்தின் பக்கம் போக வேண்டாம்.

மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் அழுக்கை எடுக்கலாம். பெட்ரோல் வேண்டாம். அது தீயும் பிடிக்கும், சில செயின்களில் உள்ள ரப்பர் வளையத்தையும் கெடுக்கும். நன்றாகத் துடைத்தபின் 90 நம்பர் கியர் ஆயிலை உள்பக்கம் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கால் மணி நேரம் விட்டு, மிச்ச ஆயிலைத் துடைத்துவிட வேண்டும். சொதசொதவென்று விட்டால் மண் ஒட்டும். டயரில் தெறித்தால் வழுக்கும்.

செயின் எவ்வளவு தொங்கலாம்? பிள்ளைகளின் ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்ச் செயினின் நடுவில் வைத்து, செயினை மேலே தள்ளியும் கீழே இழுத்தும் அளந்து பாருங்கள். சின்ன வண்டிகள் பலவற்றுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். அதாவது இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர். சக்கரத்தைச் சுற்றி நான்கு இடத்தில் பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கமும் ஓரிடத்தில் தொங்கலுமாக இருந்தால் செயின் தேய்ந்துவிட்டது. அதை இறுக்கிப் பயன் இல்லை. மாற்ற வேண்டும். ரொம்ப இறுக்கினாலும் ஆபத்துதான். ஆள் ஏறி உட்கார்ந்ததும் செயின் இன்னும் இறுகி, அறுந்துவிடும்.

இறுக்குவதற்குப் பின் அச்சு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத் திருகையும் ஒரே அளவு திருப்ப வேண்டும். இரண்டு பக்கமும் கோடுகள் போட்டிருக்கும். இடது பக்கம் மூன்றாவது கோடு என்றால் வலது பக்கமும் மூன்றாவது கோடு. இல்லை என்றால் சக்கரம் கோணலாக ஓடும். எண்ணத் தெரிந்தவர்க்கு இது கடினம் இல்லை. அச்சு நட்டை நன்றாக முறுக்கியபின், பின் பிரேக்கை ஒருமுறை பாருங்கள். சக்கரம் நகர்ந்ததால் பிரேக் ஆட்டம் மாறியிருக்கும்.

சில செயினில் கழற்றி மாட்டும் லாக் இருக்கும். அதன் மேல் மீன் போல ஒரு கிளிப். மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். வாய் திறந்த பக்கம் பின்னால். மாற்றிப் போட்டால் எதிலாவது இடித்துக் கழன்றுவிடும்.

இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம்

மூணாற்றிலிருந்து மறையூர், சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டை இறங்கும் சாலை நமக்கெல்லாம் பழக்கம். போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்கினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். இந்த இறக்கங்களில் பலர் இஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டி விடுகிறார்கள். பெட்ரோல் மிச்சமாம்.

எவ்வளவு மிச்சம்? கொஞ்சம் பெட்ரோல். என்ன போகும்? சொல்கிறேன்.

இஞ்சின் ஓடும்போது, இரண்டாவது கியரில் இறங்கினால், இஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். அணைத்து நியூட்ரலில் விட்டால் எல்லாப் பாரமும் பிரேக் மேல். டிரம்முக்குள் ஷூ உரசி உரசிக் காயும். காய்ந்துபோனால் பிடிக்காது. பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். பத்தாவது வளைவில் அது நடந்தால் யாரைக் கூப்பிடுவது? எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும் என்று லாரி டிரைவர்கள் சொல்வார்கள். மோட்டார் சைக்கிளுக்கும் அதுதான்.

ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடும் டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு இன்னொன்று உண்டு. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடியே வைத்தால் இஞ்சினுக்கு ஆயில் போதாது. இடையிடையே கொஞ்சம் முறுக்கிவிட வேண்டும்.

புறப்படும் முன் பிரேக்கை வீட்டிலேயே பார்க்கலாம். பின் சக்கர டிரம் தட்டில் ஒரு அம்புக்குறி முள் பல வண்டிகளில் இருக்கும். பிரேக்கை முழுதாக மிதித்தால் முள் நகரும். அங்கே போட்டிருக்கும் குறியைத் தொட்டால் ஷூ தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். கழற்றினால் உள்ளே இருக்கும் தூளை வாயால் ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் கல்நார் கலந்திருந்தது. அந்தத் தூள் நெஞ்சுக்கு நஞ்சு. ஈரத் துணியால் துடையுங்கள். தண்ணீரில் இறங்கி ஏறினால், மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாக விட்டு விட்டு அமுக்குங்கள். உள்ளே காய்ந்துவிடும்.

கிளட்ச் கேபிளுக்கும் ஒரு யோசனை. புதுக் கேபிள் ஒன்று வாங்கிப் பழைய கேபிளின் ஓரமாகவே கட்டி வையுங்கள். சின்னாறு காட்டில் கேபிள் அறுந்தால், யானை நடமாடும் இடத்தில், நின்று கடை தேட முடியாது. இது மலையில் ஓட்டுபவர்களின் பழைய பழக்கம்.

டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

இப்போது எழுந்து போய் உங்கள் வண்டி டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் எண்கள் இருக்கின்றனவா? "2.75 - 18" என்று இருக்கலாம். டயரின் அகலம் 2.75 அங்குலம். சக்கரத்தின் குறுக்களவு 18 அங்குலம். புது டயர் வாங்கும்போது இந்த எண்ணைச் சொன்னால் போதும். கடைக்காரர் எதையோ தலையில் கட்ட முடியாது.

இன்னொரு இடத்தில் சிறு கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். உதாரணம், 3522. இதை மூவாயிரத்து ஐந்நூற்று இருபத்திரண்டு என்று படிக்கக் கூடாது. 35, 22 என்று பிரிக்க வேண்டும். 2022-ம் வருடம் 35-வது வாரம் செய்த டயர் என்று பொருள். பல வருடம் கிடங்கில் கிடந்த டயரைப் புதிது என்று விற்றால் இதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். எங்கள் மையத்தில் இதைச் சொன்ன அன்று ஒருவர் பாக்கி இல்லாமல் எல்லோரும் எழுந்து போய் வண்டியைப் பார்த்தார்கள். அன்று பாடம் நடக்கவில்லை. இதுவே பாடம் ஆனது.

டயரின் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் இருசக்கர வண்டியை ஓட்டக் கூடாது என்பது சட்டம். பள்ளத்துக்குள் சிறு மேடு இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் ஆயுள் முடிந்தது. காற்று அளவை வண்டி ஓடும் முன், டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். பின் டயருக்குத் தனி ஆள் என்றால் ஓர் அளவு, இரண்டு ஆள் என்றால் கூடுதல் அளவு. செயின் மூடியிலோ புத்தகத்திலோ எழுதியிருப்பார்கள். பால் கேன் 40 லிட்டரும் ஓர் ஆள்தான் என்று அண்ணனிடம் சொன்னேன். அதுவரை அவர் தனி ஆள் அளவுதான் அடித்துக்கொண்டிருந்தார்.

ஆயில்

வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து அளவுக் குச்சியை எடுங்கள். துடைத்துவிட்டு மீண்டும் விட்டுப் பாருங்கள். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் ஆயில் இருக்க வேண்டும். 100 சிசி வண்டிக்குச் சுமார் ஒரு லிட்டர் ஆயில்தான் பிடிக்கும். அதனால் கொஞ்சம் குறைந்தாலும் அது பெரிய குறைவு. காருக்கு ஊற்றும் ஆயிலை ஊற்றாதீர்கள். மோட்டார் சைக்கிளில் கிளட்சும் அதே ஆயிலில்தான் முங்கிக் கிடக்கிறது. கார் ஆயிலில் கிளட்ச் வழுக்கலாம். டப்பாவில் மோட்டார் சைக்கிள் படமும், ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. என்ற எழுத்தும் இருக்கிறதா பாருங்கள். இங்கிலீஷ் எழுத்து பழக்கம் இல்லை என்றால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். வெட்கம் வேண்டாம்.

இறக்கிய கழிவு ஆயிலை என்ன செய்வது? ஓடையில் ஊற்றாதீர்கள். மறையூர்ப் பக்கத்துப் பாம்பாறும், அட்டப்பாடிப் பக்கத்துப் பவானியும் கிழக்கே ஓடும் ஆறுகள். மலையில் நாம் ஊற்றுவது கீழே தமிழ்நாட்டில் யாரோ குடிக்கும் தண்ணீரில் போய்ச் சேரும். பழைய டப்பாவில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். சேர்த்து வாங்கிப் போகிறவர்கள் வருவார்கள்.

கை வைக்கக் கூடாத இடம்

2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் புது வண்டிகள் புகைக் கட்டுப்பாட்டில் பி.எஸ். 6 வகை. பெரும்பாலானவற்றில் கார்புரேட்டரே இல்லை. கணினி போன்ற சிறு பெட்டி ஒன்று பெட்ரோலை அளந்து பீச்சுகிறது. மூணாற்றுக்குப் போனால் காற்று லேசாவதை அதுவே தெரிந்துகொள்ளும். ஆகவே இந்த வண்டிகளில் நான் சொன்ன மாதிரி பிளக்கை வெளியே வைத்துப் பொறி பார்க்க வேண்டாம். பெட்டி கெட்டுப்போகலாம். இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தால் பட்டறைக்குப் போக வேண்டியதுதான். செயின், டயர், பிரேக், ஆயில் இவற்றைப் பார்ப்பது மட்டும் பழைய வண்டிக்கும் புது வண்டிக்கும் ஒன்றுதான்.

எந்த வண்டியானாலும் மூடிய அறைக்குள் இஞ்சினை ஓட விடாதீர்கள். மழை என்று கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்ப்பவர்கள் இடுக்கியில் உண்டு. அந்தப் புகையில் ஒரு நஞ்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தூக்கம் வருவது போல இருக்கும். பிறகு எழ முடியாது. அடுப்பங்கரைப் பக்கத்திலும் பெட்ரோல் வேலை வேண்டாம்.

வீட்டில் வைத்துக்கொள்ள என்ன வேண்டும்? பத்து-பதினொன்று, பன்னிரண்டு-பதின்மூன்று, பதினான்கு-பதினைந்து ஸ்பேனர்கள். பிளக் ஸ்பேனர் ஒன்று. அச்சு நட்டுக்குப் பெரிய ஸ்பேனர் ஒன்று. திருப்புளி இரண்டு வகை. ஒரு கம்பி பிரஷ். பழைய துணி. நட்டுக்குச் சரியான எண் ஸ்பேனரைத்தான் போட வேண்டும். பத்து நட்டுக்குப் பதினொன்று போட்டால் நட்டின் முனை மழுங்கும். பிறகு உளி வைத்துத்தான் அடிக்க வேண்டும். ஸ்பேனரில் எண் பொறித்திருக்கிறது. படித்து எடுங்கள்.

இன்னொரு கருவியும் உண்டு. அது ஒரு நோட்டுப் புத்தகம். பால்கார அண்ணன் இப்போது ஒன்று வைத்திருக்கிறார். பால் கணக்கு முன்பக்கம். வண்டிக் கணக்கு பின்பக்கம். அவர் அனுமதியோடு ஒரு பக்கத்தை இங்கே தருகிறேன். எழுத்து எல்லாம் அவருடையது.

"ஜூன் 3. கிலோமீட்டர் 41,260. ஆயில் மாத்தினேன். நானே.

ஜூன் 9. செயின் தொங்கல் 4 சென்டி. இறுக்கினேன். இப்ப 2 1/2. ரெண்டு பக்கமும் 4-வது கோடு.

ஜூன் 15. மூணாறு போனேன். சோக் தள்ளிட்டேன். மறக்கல.

ஜூன் 16. பிளக் பாத்தேன். கொஞ்சம் கறுப்பு. துடைச்சேன்.

ஜூன் 22. பின் டயர் மேடு தொட்டுடுச்சு. 3.00 - 18 வாங்கணும். வாங்கறப்ப நாலு நம்பர் பாக்கணும்."